சேலத்திலிருந்து குடும்பத்தோடு ஒரு வருட உலகப் பயணம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உலகம் சுற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் உலக வரைபடத்தை விரித்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்தது டிக்கெட், அப்புறம் விசா. பள்ளிக்கூடமும் பிறப்புச் சான்றிதழும் கடைசி மாதத்தில்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவருக்கு எந்த நாடு எந்த மாதம் என்பதைப் பெரும்பாலும் விசா விதிகள்தான் முடிவு செய்கின்றன. ஆசைக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு மாதப் பயணம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிளம்பும் நாளுக்கு ஒன்றரை வருடம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

1. எந்த வருடம் போவது: பிள்ளைகளின் வகுப்பைப் பாருங்கள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வேண்டாம். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பெயர் பதிவாகிவிடுகிறது. மாநிலப் பாடத்திட்டத்திலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் நிழல் ஒன்பதிலேயே விழுந்துவிடும். மூன்றாம் வகுப்பு முடித்ததிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நல்ல காலம். தன் பையைத் தானே தூக்கும் வயது, பார்த்தது மனதில் நிற்கும் வயது.

ஏப்ரலில் ஆண்டுத்தேர்வு முடிந்ததும் கிளம்பி, அடுத்த மே மாதத்துக்குள் திரும்பினால் ஒரே ஒரு கல்வியாண்டுதான் நடுவில் போகும். ஆகஸ்டில் கிளம்பினால் இரண்டு கல்வியாண்டுகள் அரைகுறையாக நிற்கும்.

பள்ளியிடம் இரண்டே வழிதான்: நீண்ட விடுப்பு, அல்லது டிசி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி சேர்வது. எதுவானாலும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போனவர்கள் திரும்பி வரும்போது வேறொரு முதல்வர் நாற்காலியில் இருந்தார். டிசி வாங்கினால் பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்ணை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி சேர்க்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஆகவே 'வருடம் வீணாகிவிடும்' என்ற பயம் அவ்வளவு தேவையில்லை.

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாப் பாடத்தையும் நடத்தப் பார்க்காதீர்கள். கணக்கும் தமிழும் தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் போதும் என்பது என் கருத்து.

2. பெயர்: எந்த விண்ணப்பத்துக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ராமசாமி மகன் செல்வம் ஆதாரில் 'செல்வம் ஆர்', மதிப்பெண் பட்டியலில் 'ஆர். செல்வம்', பாஸ்போர்ட்டில் வெறும் 'செல்வம்' என்று மூன்று ஆளாக இருப்பார்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் விமான டிக்கெட் படிவத்திலேயே தொல்லை தொடங்கும், ஏனென்றால் கடைசிப் பெயர் இல்லாமல் படிவம் நகராது. ஒரு விமான நிறுவனம் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு ஏதாவது சொல்லும். அமெரிக்க விசாவிலோ முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகி வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு வாரப் பயணத்துக்கு இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஒரு வருடம் விமான நிலையம் விமான நிலையமாகச் சமாளிப்பது தலைவலி. இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, பாஸ்போர்ட்டைப் புதிதாக வாங்கிவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு பெயரை மாற்றினால் விசாவும் பாஸ்போர்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதனால்தான் இதை இவ்வளவு முன்னால் வைத்திருக்கிறேன்.

இப்படி விரித்தால் இன்னொன்றையும் எதிர்பாருங்கள். அப்பாவின் கடைசிப் பெயர் ராமசாமி, பிள்ளைகளுடையது செல்வம், அம்மாவுடையது அவருடைய அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ இருக்கும். ஒரே குடும்பத்தில் மூன்று கடைசிப் பெயர்கள். குடியேற்ற அதிகாரி 'இது உங்கள் பிள்ளைதானா' என்று கேட்டால் கோபப்படக் கூடாது. ஆங்கிலத்திலும் அச்சான பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்ட வேண்டும். அதில் பெற்றோர் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சில சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை' என்றோடு நின்றிருக்கும். பிறப்பு பதிவான மாநகராட்சி அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். திருமணச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டுக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ ஓட வேண்டாம். சேலத்திலேயே தபால் நிலைய பாஸ்போர்ட் மையம் இருக்கிறது. பெரியவர்கள் 60 பக்கப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். சிறுவர்களுக்கு 36 பக்கம்தான், அதுவும் ஐந்து வருடம் அல்லது 18 வயது வரை, எது முந்தியோ அதுவரை. பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. அந்த ஆறு மாதத்தைக் கிளம்பும் நாளிலிருந்து எண்ணுவது வழக்கமான தவறு. கடைசி நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து எண்ணுங்கள். கிளம்பும்போது இரண்டு வருடம் மீதி இருந்தால் நிம்மதி.

3. விசா: வழியை வரையும் கை இதுதான்

நாடுகளை மூன்று கூறாகப் பிரியுங்கள். முதலாவது, இந்தியாவில் இருக்கும்போதே வாங்க வேண்டியவை: ஐரோப்பாவின் ஷெங்கன் விசா (29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா), அமெரிக்கா, ஜப்பான். இவை பொதுவாக நீங்கள் குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பத்தை வாங்கும். தாய்லாந்திலோ துருக்கியிலோ சுற்றுலாப் பயணியாக இருந்துகொண்டு ஷெங்கன் விசா கேட்டால் பெரும்பாலும் ஊருக்குப் போய்க் கேட்கச் சொல்வார்கள். இரண்டாவது, எங்கிருந்தும் இணையத்தில் விண்ணப்பிக்கக்கூடியவை: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்றவை. மூன்றாவது, விசா இல்லாமலோ போய் இறங்கியதுமோ நுழைய விடுபவை. இந்த மூன்றாவது பட்டியல் அடிக்கடி மாறும். அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தை மட்டும் நம்புங்கள்.

இப்போது முடிச்சு எங்கே என்று பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு, பயணம் தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். அதை இந்தியாவில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பயணத்தின் எட்டாவது மாதத்தில் ஐரோப்பா என்று போட்டால் ஊரில் இருக்கும்போது விண்ணப்பிக்கவே முடியாது. நடுவில் சேலம் திரும்பி வந்து போக வேண்டியதுதான். ஐரோப்பா பயணத்தின் முன்பாதியில் வந்தாக வேண்டும். ஜப்பானின் சாதாரண ஒருமுறை சுற்றுலா விசாவோ வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், அதனால் அது ஐரோப்பாவுக்கும் முன்னால் வரும். வழி தானாக உருவாகிறது பாருங்கள்.

அடுத்த முடிச்சு: ஒரு பாஸ்போர்ட் ஒரே நேரத்தில் இரண்டு தூதரகத்தில் இருக்க முடியாது. அமெரிக்காவை முதலில் முடியுங்கள். சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதிக்குக் காத்திருப்பு நீளமாக இருக்கக்கூடும், ஆனால் கிடைத்தால் பொதுவாக பத்து வருட விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனியாகச் சுற்றுலா விசா தேவையில்லை. துருக்கிக்கு இணைய விசா எடுக்கலாம். அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறுவதாக இருந்தாலும் விசா வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அதன் பிறகு ஷெங்கனுக்கு விண்ணப்பியுங்கள், கடைசியாக ஜப்பானுக்கு. பிரிட்டன் விசாவை வெளிநாட்டில் இருக்கும்போதும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான்.

ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். 29 நாடுகளுக்கும் சேர்த்துத்தான் இந்த 90. 'பிரான்ஸில் 90, இத்தாலியில் 90' என்று கணக்குப் போட்டு வருபவர்களை இன்னும் பார்க்கிறேன். பிரிட்டன், அயர்லாந்து, துருக்கி, செர்பியா இந்தக் கணக்கில் வராதவை.

சரி, காகிதங்கள். ஒரு வருடம் ஊர் சுற்றப் போகிறேன் என்பவரைப் பார்த்து விசா அதிகாரிக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: திரும்பிப் போவாரா? அதற்குப் பதில் சொல்லும் காகிதங்களை மேலே வையுங்கள். எந்தத் தேதியில் வேலையில் மறுபடி சேர வேண்டும் என்று எழுதிய விடுப்புக் கடிதம், பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகப் பள்ளி தந்த கடிதம், வருமான வரிக் கணக்குகள், சொத்து ஆவணங்கள். அரசு ஊழியர் என்றால் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும், அதற்கே மாதங்கள் ஆகலாம். கொலுசுப் பட்டறையோ விசைத்தறியோ நடத்துபவர் என்றால் ஜிஎஸ்டி பதிவும் ஆடிட்டர் கடிதமும்.

வங்கிக் கணக்கில் பணம் ஆறு மாதமாகப் படிப்படியாகச் சேர்ந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமனார் கணக்கிலிருந்து பத்து லட்சம் வந்து விழுந்திருந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். விசா கிடைக்கும் வரை விமான டிக்கெட் வாங்காதீர்கள். தங்குமிடமும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

4. இப்போது வரைபடத்தை விரியுங்கள்

மேலே சொன்ன விதிகளோடு பருவத்தைச் சேர்த்தால் இப்படி ஒரு வழி கிடைக்கும். ஏப்ரல் கடைசியில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர். மே இரண்டாம் வாரத்திலிருந்து ஜப்பான்; அதற்கு முந்தின வாரம் அங்கே தொடர் விடுமுறை, ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஐரோப்பா, 90 நாளுக்குள். செப்டம்பரில் பிரிட்டன். அக்டோபரில் அமெரிக்கா, நவம்பர், டிசம்பரில் மெக்சிகோ. ஜனவரி, பிப்ரவரியில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும், அங்கே அப்போது கோடை. மார்ச்சில் இலங்கை, பிறகு ஊர்.

ஜப்பானைத் தாண்டியதும் பயணம் முழுக்க மேற்கு நோக்கியே போகிறது. மேற்கே போனால் நாள் நீளும். தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது, முன்னால் இழுப்பதைவிடப் பிள்ளைகளுக்குச் சுலபம்.

விமானக் கூட்டணிகள் விற்கும் உலகம் சுற்றும் டிக்கெட்டில் பொதுவாக ஒரு வருடக் கெடு, ஒரே திசை, அதிகபட்சம் 16 பறப்பு என்ற விதிகள் உண்டு. மேலே உள்ள வழி முதலில் கிழக்கே போய்த் திரும்புவதால் தனித்தனி டிக்கெட்தான் பொருந்தும். ஆனால் ஒரு வழி டிக்கெட்டோடு போனால், அந்த நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட் எங்கே என்று விமான நிறுவனமே கவுன்டரில் கேட்கும். அடுத்த பறப்பை எப்போதும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பயணத்தின் நடுவில் ஒரு பிள்ளைக்கு 12 வயது முடிந்தால் அன்றிலிருந்து பெரியவர் கட்டணம்.

ஒரு வருடத்துக்கு எட்டு, ஒன்பது நாடு போதும். வாரத்துக்கு ஓர் ஊர் என்று ஓடினால் மூன்றாம் மாதம் யாருக்கும் எதையும் பார்க்கப் பிடிக்காது. மாத வாடகைக்கு வீடு எடுத்தால் தினசரி வாடகையைவிடக் குறையும், சமையலறையும் இருக்கும்.

5. ஏற்காட்டில் ஒரு ஒத்திகை

இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. கிளம்புவதற்கு நான்கைந்து மாதம் முன்பு, டிசம்பர் வாக்கில், ஏற்காட்டில் இரண்டு வாரம் வீடு எடுத்துத் தங்குங்கள். மே மாதம் வேண்டாம், கோடை விழாக் கூட்டமும் வாடகையும் தாங்காது.

நிபந்தனைகள் மூன்று. உலகப் பயணத்துக்கு எடுத்துப் போகும் அதே பைகள் மட்டும்தான். எதை மறந்தாலும் சேலத்திலிருந்து வரவழைக்கக் கூடாது, முப்பது கிலோமீட்டர்தானே என்று கை பரபரக்கும், விடக் கூடாது. தினமும் காலையில் பாடம், ஒரு வேளையாவது சொந்தச் சமையல்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் இறங்கும்போது துவைத்த ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. அப்போதுதான் எந்தத் துணியை வீட்டிலேயே விட வேண்டும் என்று தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு மலைநாட்டுப் பேருந்துப் பயணங்களை எப்படித் திட்டமிடுவது என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஒரே அறையில் நான்கு பேர், வெளியே மழை, இணையம் இல்லை என்றால் யாருக்கு எத்தனை மணிக்குக் கோபம் வரும் என்பதும் தெரிந்துவிடும். உலகப் பயணத்தில் குடும்பங்களைக் களைப்படையச் செய்வது பெரும்பாலும் இந்தச் சின்ன உரசல்கள்தான். சேர்வராயன் கோயில் பக்கமும் காப்பித் தோட்டங்களின் வழியாகவும் தினமும் நடங்கள், காலணி கடிக்கிறதா என்று பாருங்கள்.

ஒத்திகை முடிந்து வந்ததும் பையைப் பிரித்து, இரண்டு வாரத்தில் தொடாத பொருளை வெளியே எடுத்துவிடுங்கள். பொட்டலம் கட்டுவதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

6. பணமும் ஓடிபி-யும்

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். அந்த எல்லையை நம்மில் யாரும் தொடப் போவதில்லை. கவனிக்க வேண்டியது டிசிஎஸ், அதாவது பணத்தை மாற்றும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி. ஏப்ரல் 2025 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் பயணச் செலவுக்காக அந்நியச் செலாவணியாக மாற்றினால், மேல்தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். இந்த வரம்பு தலைக்குத் தலை தனி. கணவன், மனைவி இருவர் பான் எண்ணிலும் பிரித்து, மார்ச் முடிவதற்குள் பாதி, ஏப்ரல் பிறந்த பின் பாதி என்று ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றினால் பெரும்பகுதி வரம்புக்குள் அடங்கும். பிடித்தாலும் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். சுற்றுலா நிறுவனத்தின் தொகுப்புப் பயணத்துக்கு விதி வேறு, பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறவும் மாறும். ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். வெளிநாட்டில்தானே இருக்கிறோம் என்று வரிக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். கெடு வெளிநாட்டில் இருக்கும்போதுதான் வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஓடிபி. வங்கி, ஆதார், வரித் தளம் எல்லாம் இந்திய எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி அனுப்பும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கி, ஒரு வருட ரீசார்ஜ் போட்டு, அந்த சிம் ஒரு போனில் நிரந்தரமாக இருக்கட்டும். டேட்டாவுக்கு அந்தந்த நாட்டு இ-சிம். கணவன் எண்ணும் மனைவி எண்ணும் தனித்தனிப் போனில் இருக்க வேண்டும், ஒன்று தொலைந்தால் மற்றது காப்பாற்றும்.

நான்கு பேர் உடனே ஊர் திரும்ப ஆகும் டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதைப் பயணச் செலவில் சேர்க்காதீர்கள்.

7. உடம்பு, ஊசி, பருப்புப் பொடி

இந்தியாவில் விற்கும் பயணக் காப்பீடுகள் பல 180 நாளோடு நின்றுவிடும். எத்தனை நாள், வெளிநாட்டிலிருந்தே நீட்டிக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். ஊரில் உள்ள மருத்துவக் காப்பீட்டை 'வெளிநாட்டில்தானே இருக்கிறோம்' என்று விட்டுவிடாதீர்கள். விட்டுப் புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

கென்யா, பெரு, பிரேசில் போன்ற நாடுகளை வழியில் சேர்த்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். குறைந்தது பத்து நாள் முன்பு போட வேண்டும். சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். இது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில்தான், ஆகவே விசா வேலையாகச் சென்னை போகும்போதே முடித்துவிடுங்கள். அந்த நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவிலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு எடுத்துப் போங்கள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில சளி, வலி மருந்துகளுக்கு ஜப்பானில் தடையோ கட்டுப்பாடோ உண்டு.

அப்புறம் பொடி. பருப்புப் பொடி, நெய், ஊறுகாய், கறிவேப்பிலை இல்லாமல் நம்மவர்கள் கிளம்ப மாட்டார்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உணவுப் பொருள் எதுவானாலும் இறங்கும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் நியூசிலாந்தில் அங்கேயே 400 டாலர் அபராதம்.

8. வீடும் பெரியவர்களும்

வீட்டைப் பூட்டி வைப்பதைவிட நம்பகமான உறவினர் யாரையாவது குடிவைப்பது மேல். பூட்டிய வீட்டில் ஒரு வருடத்தில் கரையான் ஏறிவிடும். ஆள் கிடைக்காவிட்டால் மாதம் ஒரு முறை திறந்து குழாய்களை ஓடவிட யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். நகை வங்கி லாக்கரில். மின் கட்டணம், சொத்து வரி, ஆயுள் காப்பீட்டுத் தவணை எல்லாம் தானாகக் கழியும்படி செய்யுங்கள். தொழில் நடத்துபவர்கள் வியாபாரம் நின்றிருந்தாலும் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவு முடக்கப்படலாம். வாடகை, வழக்கு, நிலம் என்று ஏதாவது இருந்தால் ஒருவருக்குக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். பொதுவான அதிகாரம் கொடுக்காதீர்கள்.

பெற்றோரிடம் 'எங்களுக்கு ஒன்றும் ஆகாது, போய்ட்டு வாங்க' என்ற பதிலோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். அவர்களுக்கு உடம்பு முடியாமல் போனால் மருத்துவமனைக்கு யார் கூட்டிப் போவது, பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, உங்களில் ஒருவர் திரும்புவதா எல்லாரும் திரும்புவதா என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அமெரிக்காவிலிருந்து நள்ளிரவில் போனில் எடுக்கும் முடிவு சரியாக அமையாது.

9. கடைசி மாதம்

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இந்த மாதத்தில்தான் வாங்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகம் தருவது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், ஆறு மாதம் முன்பே வாங்கினால் பாதி வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து இரண்டு பேர் மின்னஞ்சலிலும் ஏற்றுங்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் அசல் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வைக்காதீர்கள்.

புறப்பட எந்த விமான நிலையம் என்பதிலும் அவசரம் வேண்டாம். டிக்கெட் மலிவு என்று பெங்களூரைப் பிடித்தால், விமான நிலையம் நகரத்தின் வடகோடியில், நாமோ ஓசூர் வழியாகத் தெற்கிலிருந்து நுழைகிறோம். ஊரைக் குறுக்கே கடக்கக் கூடுதலாக மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கும் பயணத்துக்குத் திருச்சி பக்கம், மாலை விமானம் என்றால் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.